இதர செலவினம்

அறுபது பங்கு டெல்லி, நாற்பது பங்கு சென்னை
என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள்.
ஒன்பது வருஷமாக அப்படித்தான் கூட்டிப் போடுகிறேன்,
திருப்பூர், பல்லடம் ரோடு, இரண்டாம் மாடி,
ஜன்னலுக்குக் கீழே பார்த்தீனியம் பூத்துக் கிடக்கிற அறையில்.

ஆனால் கரணம்பேட்டைக் கடையில்
துளசிமணி ஒரு சோப்பு வாங்கும்போதே
பணம் புறப்பட்டுவிடுகிறது.
சோப்பில் கொஞ்சம், செல்போன் ரீசார்ஜில் கொஞ்சம்,
மில்லுக்குப் போட்டுப்போகும் ரப்பர் செருப்பில் கொஞ்சம்.
வடக்கே போய், எண்ணாகி,
மேஜை மேஜையாய் உட்கார்ந்து எழுந்து
ஊர் திரும்பும்போது பங்குனி பிறந்திருக்கும்.
செலவழிக்க மிச்சம் பதினோரு நாள்.

அவளுக்குப் புளோரூமில் வேலை.
பஞ்சு பேலைப் பிரித்துப் போட வேண்டும்.
ஞாயிறு லீவு முடிந்த திங்கட்கிழமை
நெஞ்சை ஈரத்துணி மாதிரி யாரோ முறுக்குகிறார்கள் என்பாளாம்.
கான்ட்ராக்ட் ஆள். ஈஎஸ்ஐ கார்டு இல்லை.

திட்டத்தில் காசநோய்க்குத் தனி வீடு.
கொசுவுக்குக்கூட உண்டு.
தொற்றா நோய் என்ற பெரிய வீட்டில்
சர்க்கரையும் பிரஷரும் நடுக்கூடத்தில் கால் நீட்டியிருக்க
ஒவ்வாமை மட்டும்
வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில்.
கணக்கில் அதற்குப் பெயர்: இதர.

இந்த முறை இதரவுக்கு நாற்பத்திரண்டாயிரம் வந்தது.
விழிப்புணர்வுக்கு மட்டும்.
மருந்து வாங்கக் கூடாது.
ஃப்ளெக்ஸ் அறுபது, இருபத்துநாலாயிரம்.
கூட்டம், டீ, வடை, பதினெட்டாயிரம்.
மூச்சு முட்டுகிறவர்களுக்கு
மூச்சு முட்டும் என்று தெரிவிக்க.

காமநாயக்கன்பாளையத்து மருந்தாளுநர் குட்டியப்பன்
இன்ஹேலர் கேட்டு நாலாவது கடிதம் போட்டிருந்தார்.
டைப் அடித்த வரிகளில் பணிவு.
ஓரத்தில் பென்சிலில்:
'ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு நேரா இங்கதான் வர்றாங்கோ மேடம்.
வெறுங்கையக் காட்டி எத்தன நாளைக்கு அனுப்பறது?'

வழிகாட்டுதலை மறுபடி படித்தேன்.
பதினேழாம் பக்கம், கடைசிக்கு முந்தைய வரி:
செயல்விளக்கப் பொருட்கள் வாங்கலாம்.

ஃப்ளெக்ஸ் பதினைந்து போதும்.
மிச்சம் பதினெட்டாயிரம்.
ஒன்று நூற்றிருபது வீதம் நூற்றைம்பது இன்ஹேலர்.
நான் மனக்கணக்கில் கெட்டி.

செயல்விளக்கம் நடந்தது.
அசைத்து, மூச்சை வெளியே விட்டு,
வாயில் வைத்து, அழுத்தி, உள்ளே இழுத்து,
பத்து எண்ணும்வரை பிடித்து.
துளசிமணி ஏழிலேயே விட்டுவிட்டாளாம்.
'அடுத்த வாட்டி பத்து வந்துருமுங்' என்று
பொருளைக் கொசுவத்தில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.
நூற்றைம்பது பேரும் போய்விட்டார்கள்.

ஆடியில் ஆடிட் வந்தது.
காற்றுக்கு ஃபைல் எல்லாம் படபடத்தது.
செயல்விளக்கத்துக்கு ஒன்று போதாதா என்று கேட்டார்,
கேட்டு முடிப்பதற்குள் தும்மினார்.
ஆளுக்கொரு நெஞ்சுங்க சார் என்றேன்.
பொருட்கள் இருப்புப் பதிவேட்டில் இல்லையே என்றார்,
இரண்டு தும்மல்.
ஜன்னலைச் சாத்தினேன்.
கண்ணைக் கசக்கிக்கொண்டே பச்சை மசியில் எழுதினார்:
'விளக்கம் தருக. பதினைந்து நாள்.'

இன்றைக்குப் பதினாலாவது நாள்.
எழுதிக் கிழித்தது மூன்று.
நாலாவதில் ஒரே வரி நிற்கிறது:

'மேற்படி பொருட்கள் உபயோகத்தில் உள்ளன.'

அதற்குக் கீழே, அடுத்த வருஷத்துக்கான படிவத்தில்
இதர என்பதை அடித்துவிட்டு
ஒவ்வாமை என்று எழுதினேன்.
தொகை எழுதும் கட்டம் ரொம்பச் சின்னது.
நுணுக்கி எழுதிக்கொண்டிருக்கிறேன்.