பதினொரு யூரோ நாற்பது

மாதத்தின் முதல் சனிக்கிழமை
க்ரொய்ஸ்லிங்கனிலிருந்து கான்ஸ்டன்ஸுக்கு
நடந்தே போகிறேன்.
வேலி கழற்றிய எல்லை.
நாடு மாறுவது காலுக்குத் தெரியாது,
பணப்பைக்குத் தெரியும்.
ஏரிக்காற்று கன்னத்தைச் சீவி எடுக்கிறது.

கன்னம் என்றேன் அல்லவா,
அதில் இரண்டு பக்கமும் மங்கு.
சின்னவன் வயிற்றில் இருந்தபோது வந்தது,
அவனுக்கு இப்போது பன்னிரண்டு.
"உனக்கு மங்கு சனி, முகத்திலயே குந்திட்டுது"
என்று சிரித்தவர் குகதாசன்.
தாலி கட்டியவர் என்பதால் மன்னித்தேன்,
முழுதாக அல்ல.

போன வருடம்
பெயர் அச்சிடாத டப்பா ஒன்றை
சூரிச்சில் ஒரு கலியாண வீட்டில்
கைப்பைக்குள்ளிருந்து எடுத்து விற்றாள் ஒருத்தி.
எண்பத்தாறு பிராங்க்.
மூன்று வாரம் நான் நிலவு.
நான்காம் வாரம் அடுப்பு.
வெயில் பட எரிந்தது, தண்ணீர் பட எரிந்தது,
பிள்ளை கொஞ்சிய இடம் எரிந்தது.
தோல் டாக்டர் டப்பாவைத் திறக்காமலே
குப்பைத்தொட்டியைக் காட்டினார்.
அவருடைய பில்லை எழுத
இந்தக் கவிதையில் இடம் போதாது.

நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில்.
மாலை முறை, பதினான்கு சோடிக் கால்கள்.
ஃப்ராவ் ஹூர்லிமானின் கெண்டைக்கால்
வெங்காயச் சருகு.
கழுவி, ஒற்றி, ஈரம் காயுமுன் பூச வேண்டும்,
தேய்க்கக் கூடாது.
களிம்பு வருவது வாளி போன்ற வெள்ளை டப்பாவில்:
வாசனை இல்லை, ரோசாப்பூ இல்லை,
மூடியில் சிரிக்கும் பெண்ணும் இல்லை.
தொண்ணூற்றொரு வயதுத் தோல்
அதைக் குடித்துவிட்டு அமைதியாகக் கிடக்கும்.

ஒருநாள் கையுறையைக் கழற்றியபோதுதான்
என் விரல் கணுக்களில் இரத்தம் கண்டேன்.
எத்தனை குளிர்காலத்து வெடிப்போ.
மூடியில் ஒட்டியிருந்ததில் ஒரு பட்டாணியளவு
எனக்கும் எடுத்துக்கொண்டேன்.
திருட்டுத்தான்.
எட்டாம் நாள் கணு மூடியது.
இவ்வளவு தெரிந்த கை
என் முகத்துக்கு மட்டும் ஏன்
அந்நியரிடம் போய் நின்றது?

கடையில் மலிவானவை எப்போதும் கீழ்த்தட்டில்,
முழங்கால் மடக்கத் தெரிந்தவருக்கு.
குந்தியிருந்து முதுகுப்பக்கத்தைப் படிக்கிறேன்.
மொழி வகுப்பில் வராத சொற்கள்.
'பர்ஃபூம்' மட்டும் எந்த மொழியிலும் தெரியும்,
தெரிந்தால் திரும்ப வைத்துவிடுவேன்.
முகம் கழுவ ஒன்று, ஒன்று எழுபத்தைந்து.
பூசுவதற்கு ஒன்று, இரண்டு தொண்ணூற்றைந்து.
வெயிலுக்கு ஒன்று, ஆறு எழுபது.
அங்கேதான் கை தயங்கும்.
"கறுத்த எங்களுக்கு எதுக்கு வெயில் கிறீம்?"
கேட்டவள் தர்மசீலி, என் கூடவே வேலை.
மங்கு வெயிலைத் தின்று வளர்வது,
நிறம் கேட்டு வருவதில்லை என்றேன்.
அன்று மூடுபனி. நம்பாமல் ஜன்னலைப் பார்த்தாள்.

பொன் வைக்கிற இடத்தில் பூ என்பார்கள்.
என் முகத்துக்குப் பொன் ஒத்துக்கொள்ளவில்லை,
பூவும் வேண்டாம், வாசனை.

எனக்கு முன்னால் ஒருத்தி
வண்டில் நிறையக் குவித்துவிட்டு
வரி திரும்பப் பெறப் பச்சைத் தாள் கேட்கிறாள்.
என்னைப் பார்த்துக் காசாளர் கேட்கவே இல்லை.
பதினொரு யூரோ நாற்பதுக்கு
எந்த நாடும் எதையும் திருப்பித் தராது.

புதியதைக் காதுக்குப் பின்னால் தடவி
இரண்டு நாள் காத்திருப்பேன்.
காலையில் இரண்டு விரல் நீளம் வெயில் களிம்பு,
கழுத்தையும் மறக்காமல்.
மூன்று மாதமாகிறது.
மங்கு போகவில்லை.
ஓரம் மட்டும் பழைய தேநீர்க் கறைபோல்
எங்கே முடிகிறதென்று சொல்லத் தெரியாமல் நிற்கிறது.

கணக்குப்படி ஒரு குழாய்
ஐந்து வாரம் வரவேண்டும்.
பேனையால் கோடு போட்டு வைத்தேன்.
நேற்றுப் பார்த்தால் களிம்பு
கோட்டுக்கு நன்றாகக் கீழே.
சாப்பாட்டு மேசையில்
குகதாசனின் நெற்றி பளபளக்கிறது.
நான் ஒன்றும் கேட்கவில்லை,
அவரும் சனியைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த மாதம் அதில் இரண்டு வாங்க வேண்டும்.
பதினெட்டு யூரோ பத்து.