வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பெயர்

மேசை நடுவில் கிடக்கிறது, மடங்காத கத்தி.
பத்து சென்டிமீட்டர் அலகு,
பிடியின் அடிவரை ஓடும் ஒரே எஃகு,
இருபுறமும் சுருள்ரேகைப் பூர்ச்ச மரம்.
இல்போ இதை வரைந்து முடிக்க
இரண்டு குளிர்காலம் ஆயிற்று.
பெயர் வைக்க எங்களுக்கு
வெள்ளிக்கிழமை வரை.

மணி மூன்றரை. ஜன்னலில் ஏற்கெனவே இரவு.
தம்பெரேயிலிருந்து வந்த ஹென்னா
பலகையில் 'ஓநாய்' என்று எழுதினாள்,
கணினியைப் பார்த்தாள், அடித்தாள்.
கரடி பதிவாகிவிட்டது.
கழுகு, பருந்து, விரியன்,
விரியனின் பல் கூட.
"காட்டில் இன்னும் விலைபோகாதது முயல்தான்"
என்றாள் ரைலி,
கணக்கிலிருந்து தலை தூக்காமல்.

அடுத்து சாவு வகைப் பெயர்கள்:
கூற்றுவன், கடைசி மூச்சு, கறுப்பு விதவை.
நாங்கள் விற்கப்போவது
மீன் கிழிக்க, கயிறு அறுக்க,
நனைந்த விறகில் காய்ந்த சீவல் எடுக்க.
இதுவரை இது கொன்றது
மூலையில் நின்ற மூன்று அட்டைப்பெட்டிகளை.

ஒலிபெருக்கியில் நூரம்பெர்க் முகவர் தெத்லெஃப்:
ஏரிப் பெயர் வேண்டாம், ஆற்றுப் பெயர் வேண்டாம்,
எழுத்தின் தலையில் இரட்டைப் புள்ளி
வேண்டவே வேண்டாம்.
அமெரிக்கர்கள் அதைத் தூசி என்று தட்டிவிடுவார்கள்.
சின்னதாக இருக்கட்டும். உயிரில் முடியட்டும்.
கடைக்காரன் வாயில்
சோற்றுக் கல்லாய் இடறக் கூடாது.

இல்போ எதுவும் பேசவில்லை.
அலகின் வளைவைக் கட்டைவிரலால்
காற்றில் மறுபடி வரைந்துகொண்டிருந்தார்,
எங்கோ அரை மில்லிமீட்டர் பிசகியதுபோல.

நான்கு மணிக்கு வேலைமுறை மாறியது.
சாணைக்கூடத்திலிருந்து மைரே வந்தாள்,
காதுமூடியைக் கழுத்துக்குத் தள்ளிவிட்டு,
காதுக்குள் சக்கரம் இன்னும் சுற்ற.
எங்கள் கூட்டம் அவளுக்குக் கேட்கவில்லை.
காகிதத்தைப் பிரித்தாள்: புகையிட்ட மீன்,
கல் போன்ற கருப்பு ரொட்டி.
பார்க்காமலே கையை மட்டும் நீட்டினாள்.
"துவோ."

எங்கள் மொழியில் அதற்கு 'அது' என்று பொருள்.
'கொண்டா' என்றும் பொருள்.
சுட்டுவதும் கேட்பதும்
ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

கத்தியைக் கொடுத்தேன்.
ஹென்னாவின் பேனா நின்றுவிட்டது.
மறுநாள் வழக்கறிஞர் தேடினார்,
கட்டணம் வாங்கினார்,
இச்சொல் யாருக்கும் சொந்தமில்லை என்றார்.
அன்று மாலையே சொந்தமாக்கிக்கொண்டோம்.
மைரேவுக்கு ஒரு கேக் வெட்டினோம்,
அந்தக் கத்தியாலேயே.
பணம் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.
எடுக்காதவர்களில் நானும் ஒருத்தி.

மே மாதம் ஒஹையோவிலிருந்து கடிதம்:
"டூ-ஓ அருமையான கத்தி.
பெயரில் இரண்டு என்கிறீர்கள்,
பெட்டியில் ஒன்றுதானே இருக்கிறது.
மற்றது எப்போது வரும்?"

ஏற்றுமதி மேசை என்னுடையது. எழுதினேன்:
'அன்புடையீர், அது எண் அல்ல,
ஒரு கை இன்னொரு கையிடம் சொல்வது.'
அழித்தேன்.
'ஃபின்னிஷ் மொழியில் சுட்டுப்பெயரும் ஏவலும்...'
அதையும் அழித்தேன்.

தோளுக்குப் பின்னால் நின்று வாசித்த இல்போ
நவம்பருக்குப் பின் முதல் தடவையாகச் சிரித்தார்.
"இன்னொன்று அனுப்பிவிடு.
பெயர் சொல்லித்தானே கேட்டிருக்கிறான்."

உணவறையில்தான் இப்போது சிக்கல்.
மைரே தலை நிமிராமல் கை நீட்டுகிறாள்,
அதே சொல்லைச் சொல்கிறாள்.
பதிவெண் பெற்ற சொல்,
உறையிலும் பெட்டியிலும் அச்சான சொல்.
கத்தியைக் கேட்கிறாளா, ரொட்டியையா,
இல்லை, சும்மா ஏதோ ஒன்றை
அது என்கிறாளா?
ஒரு கணம் ஒருவரும் அசைவதில்லை.
பிறகு யாராவது
உப்பை நகர்த்தி வைக்கிறோம்.