கஞ்சி ஆறட்டும்

ஊத்தங்கரை டிப்போவில் வாங்கிய ரைசோபியம் பொட்டலம்
மாதம்மா வீட்டு ஃப்ரிட்ஜில்
மாவுச் சட்டிக்குப் பின்னால் இரண்டு நாள் கிடந்தது.
"இதுல உயிர் இருக்கா?" என்றாள்.
இருக்கிறதாம். காலாவதித் தேதியும் இருக்கிறது.

அரிசிக் கஞ்சி ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.
சூட்டோடு ஊற்றினால் செத்துப்போகும்.
கண்ணுக்கே தெரியாததைக் கொன்றுவிட்டு
யாரிடம் போய்ச் சொல்லி அழ?

வெள்ளைக் காராமணி கரிபூசிக்கொண்டு நிழலில் காய்ந்தது.
சாயங்காலமே விதைத்தேன்.
மணலில் கலந்து தூவிய துத்தநாகமும் போரானும்
கடன் சீட்டில்தான் கண்ணுக்குத் தெரிந்தன.

முப்பத்தைந்தாம் நாள்
மனசில்லாமல் ஒரு செடியைப் பிடுங்கினேன்.
வேரெல்லாம் முடிச்சு.
ஒன்றை நகத்தால் கிள்ள, உள்ளே இளஞ்சிவப்பு,
காது குத்திய அன்று மகளின் மடல்போல.

அதே குழியில் திரும்ப ஊன்றி
ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன்.
பிழைக்காது.
தெரியும்.