குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை

அந்தக் காலாட்படைப் பிரிவுக்கு எண் உண்டு.
சொல்லப்போவதில்லை.
எண்ணைச் சொன்னால் அதற்கொரு கொடி முளைக்கும்,
கொடியின் கீழ் நாலு பேர் கூடுவார்கள்.

தளபதிகள் ஐவர்.
நாட்குறிப்பை எழுதியவர் ஒருவர்தான்:
ஓட்மார் ப்ரெக்கல்,
சோப்பு ஆலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர்.
அவருடைய தட்டச்சுப் பொறியில்
எகரம் மட்டும் அரைக்கோடு தாழ்ந்து விழும்.
தாளைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம்,
இது ப்ரெக்கல் அடித்தது என்று.

டாங்கிகளைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.
இந்தப் படை நடந்தே போனது.
பதினேழாயிரம் ஆட்கள், ஐயாயிரம் குதிரைகள்,
நாளுக்கு நாற்பது கிலோமீட்டர்,
முன்னால் போனவனின் புழுதி
பின்னால் வருபவனின் பல்லில்.

முதல் தளபதி ஃபான் ரெட்காவ்
சாம்பல் நிறக் குதிரையில் வந்தார்.
பனி இறங்கிய மாதம்
இதயக் கோளாறு என்று ரயிலேறினார்.
குதிரைக்கு ரயிலில் இடமில்லை.
அந்த வாரத்து சூப்பில் கறி இருந்தது.
எந்தக் கறி என்று ப்ரெக்கல் எழுதவில்லை.

இரண்டாமவர் லாட்டன்ஷ்லேகர்.
நீலப் பென்சிலைக் கத்தியால் சீவிச் சீவி
ஊசி முனையாக வைத்திருப்பார்.
சதுப்பு நிலத்துக்குக் குறுக்கே நேர்கோடு இழுத்தார்.
அந்தக் கோட்டின் மேல் நடந்தது படை,
இடுப்பளவு சேற்றில்.

ஆகஸ்ட் பத்தொன்பது.
'வானம் தெளிவு. ரொட்டி வண்டி தாமதம்.
வேறு குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை.'
கீழே தளபதியின் கையெழுத்து, நீலத்தில்.

அன்றுதான் ஓல்ஷனித்ஸா எரிந்தது.

உருளைக்கிழங்குக் குழிக்குள்
ஒன்பது வயதில் கிடந்த மார்ஃபா ஹ்ரின்கெவிச்
விசாரிக்க வந்தவர்களிடம் பின்னாளில் சொன்னாள்:
முதலில் தேன்பெட்டிகளைத்தான் திறந்தார்கள்.
முகத்தில் துணி சுற்றிக்கொண்டு
நிதானமாக அடைகளை எடுத்தார்கள்.
பிறகுதான் கதவுகளை வெளியிலிருந்து அடைத்தார்கள்.
போகப் போக இடமில்லாமல்
தேனீக்கள் என் குழிக்குள் வந்தன.
ஒன்றும் கொட்டவில்லை.

பகைவர் நாட்டில் தீ வைப்பதற்கு
எரிபரந்தெடுத்தல் என்று
ஒரு துறையே ஒதுக்கி வைத்திருக்கிறது நம் பழைய இலக்கணம்.
பெயர் வைத்ததால் தீ சுடாமல் போகாது;
அந்தப் பாட்டுகளில் புகழ்தான் அதிகம், தெரியும்.
ஆனால் அங்கே ஊர் எரிந்தால்
எரிந்தது என்றாவது ஒருவன் பாடியிருப்பான்.

மூன்றாமவர் பதினோரு நாள்.
கண்ணிவெடி.
அவர் பெயரை எப்படி எழுதுவது என்று
ப்ரெக்கல் கேட்டுத் தெளிவதற்குள்.

நான்காமவர் ஹைன்ட்ஸ்மேயர் காலத்தில்
சமையல்காரனுக்கும் துப்பாக்கி கொடுத்தார்கள்.
ஆயிரத்து நூறு பேர்,
அப்போதும் பெயர் படைப்பிரிவுதான்.

ஐந்தாமவர் ஓலன்புஷ்.
கையுறையைக் கழற்றாமல் சரணடைந்தார்.
சிறையிலிருந்து திரும்பி வந்து
படையின் வரலாற்றை எழுதினார்:
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
நேர்மை என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம்,
சாம்பல் குதிரைக்கு முழுப்பக்கப் படம்.
வருடாவருடம் ஒரு விடுதியில் பழைய ஆட்கள் கூடிக்
கைதட்டினார்கள்.

ப்ரெக்கலும் ஒருமுறை போனார்.
கதவோரத்து நாற்காலி.
ரொட்டிக்குத் தேனா, ஜாமா என்று கேட்ட பணிப்பெண்ணிடம்
வெறும் ரொட்டி போதும் என்றார்.
இதைக் குற்ற உணர்வு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.
சர்க்கரை வியாதியாகவும் இருக்கலாம்.

அந்த வரலாற்றில் ஓல்ஷனித்ஸா இல்லை.
நாட்குறிப்பிலும் இல்லை.
ஆனால் தளவாடப் பிரிவின் பட்டியலில்,
ஆகஸ்ட் இருபத்தொன்று,
குதிரை லாடத்துக்கும் விளக்கெண்ணெய்க்கும் நடுவில்
ஒரு வரி கிடக்கிறது:

தேன், நாற்பத்தொரு கிலோ.
பெற்ற இடம்: உள்ளூர்.
விலை என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு.

வரி நெடுக
எகரம் அரைக்கோடு தாழ்ந்திருக்கிறது.