மைனஸ் ஏழு

லீபாயா துறைமுகக் காற்று
ஜன்னலைத் தட்டிவிட்டுப் போன இரவில்
நாற்பத்தொரு முகங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்,
சேர்ந்திசைக் குழுவின் ஆண்டு மலருக்கானவை.
எல்லோருக்கும் இமைகள் கரைந்திருந்தன.
எல்லோருக்கும் காதுகள் அத்தனை கூர்மை,
மடலின் பூமயிர் வரை.

காதும் காதும் வைத்தாற்போல் நடந்திருக்கிறது.
கேமராவின் குட்டித் திரை மூச்சுகூட விடவில்லை.

"பாடுகிறவர்களுக்குக் காது போதும், விஸ்மா"
என்று சிரித்தாள் குழுவை நடத்தும் வெல்டா.
மீதிப் பணத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை.

முதலில் என்னைத்தான் சந்தேகித்தேன்:
காபி, மூச்சு, நாற்பத்தொன்பது வயது.
முக்காலியில் பூட்டினேன்.
சமையலறை மேசையில் ஐந்து மீன் டின்கள்,
ஒன்றுக்கொன்று ஒரு விரற்கடை பின்னால், சாய்வாக.
லென்ஸை முழுக்கத் திறந்து
நடு டின்னைக் குறிவைத்து
இரண்டு நொடி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

தெளிவாக விழுந்தது நான்காவது டின்.
ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி. நான்காவது.
மறுபடி.
பத்துக்கு ஒன்பது முறை நான்காவது;
பத்தாவது முறை பூனை.

அங்குமிங்கும் அலையும் பிழைக்கு மருந்தில்லை.
ஒரே பக்கம் சாயும் பிழையோடு பேசலாம்.

கண்ணாடியைத் தூக்கி நிறுத்தி
சென்சாரையே நேராகப் பார்க்கவிட்டேன்:
மூன்றாவது டின், மீனின் செதில் செதிலாக.
ஆக லென்ஸ் பொய் சொல்லவில்லை, என் கையும்.
கண்ணாடிக்குக் கீழே, அந்த இருட்டில்,
தூரம் அளக்கிற சின்னக் கண் ஒன்று
மயிரிழை தள்ளி நின்று சத்தியம் செய்கிறது.

மைனஸ் நான்கு. போதவில்லை.
மைனஸ் ஒன்பது, இரண்டாவது டின்னுக்குத் தாவிவிட்டது.
மைனஸ் ஏழு.
நடைக்கோடியில் தொங்கும் கோட்டை எடுத்துப் பார்த்தேன்:
எட்டு மீட்டரில் அதே ஏழு தப்பு.
இருக்கட்டும்.
முகங்கள் மூன்று மீட்டரில்தான் உட்காருகின்றன.

சனிக்கிழமை முணுமுணுத்துக்கொண்டே திரும்ப வந்தார்கள்.
அடிக்குரல் பாடும் குன்வால்டிஸ், டிராம் பணிமனைக்காரர்,
அன்றைப் போலவே காதில் பென்சிலோடு.
இப்போது இமைகள் ஒவ்வொன்றாய் எண்ணலாம்,
ஒன்று நரை.
பென்சில் வெறும் மஞ்சள் தீற்றல்.
பழைய படத்தில் அதன் பல்தடம்கூடத் தெரியும்.

இரண்டையும் அருகருகே வைத்தேன்.
வெகுநேரம் பார்த்துவிட்டு
பழையதின் மேல் விரலை ஊன்றினார்.
"இதில் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே
பழைய எண்ணை எழுதினேன்,
அந்தப் பென்சிலையே கேட்டு வாங்கி.