விரலுறை, மாதிரி ஏழு

கருங்கல் ரேஷன் கடையில்
எனக்கு முன்னால் நின்றவளின் பெருவிரலை
மெஷின் மூன்று முறை மறுத்தது.
முந்தியில் துடைத்து நாலாவதும் வைத்தாள்.
"அண்டி ஆபீஸ் கையா?" என்றார் கடைக்காரர்.
இருபது வருடத் தோட்டெண்ணெய்
ரேகையைத் தின்று தீர்த்திருந்தது.
மகன் விரலோடு வந்தால்தான் இனி அரிசி.
மகன் சாயங்காலம்தான் வருவான்.

என் பையில் அன்று
கம்பெனியில் கழித்துப்போட்ட பலூன்கள் ஒரு கட்டு.
ஒன்றை எடுத்து என் பெருவிரலில் மாட்டிப் பார்த்தேன்.
வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது.
தொடக்கம் அவ்வளவுதான்.

முதல் மாதிரிக்கு ஒரு டெஸ்ட் டியூப்தான் அச்சு.
பால், நம்ம குலசேகரத்து ரப்பர்ப்பால்.
முக்கி, உலர்த்தி,
மார்த்தாண்டத்து பேக்கரி அடுப்பில்
ரஸ்க் இறங்கிய சூட்டில் வேகவைத்தேன்.
நம்ம மரம், நம்ம விரல்,
எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.
தோட்டெண்ணெயில் போட்டுக் கடிகாரம் பார்த்தேன்.
நாற்பதாவது நிமிடம்
பழுத்து அழிந்த பலாச்சுளையாய்க்
கொழகொழத்துக் கிடந்தது.
மண்ணின் பெருமை எண்ணெயில் கரையும்
என்று நோட்டில் எழுதி, உடனே அடித்துவிட்டு,
"வீக்கம்: 40 நிமிடம்" என்று திருத்தினேன்.

இரண்டாவது, கொச்சியிலிருந்து கேனில் வந்த நைட்ரைல்.
எண்ணெய் தோற்றது.
ஆனால் பருப்பு விரலில் நிற்காமல்
வழுக்கி வழுக்கி ஓடியது.
மூன்றில், ஈரம் காயுமுன்
மணக்குடி அளத்து உப்பைத் தூவினேன்.
இறுகியதும் கழுவினால்
கரைந்த ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குழி.
இல்லாமல் போன உப்புதான்
பருப்பைப் பிடித்துக்கொண்டது.

நான்கு, தடிமன்.
ஐந்து, கிழிந்தது.

ஆறை எடுத்துக்கொண்டு அவளைத் தேடிப் போனேன்.
பெயர் தங்கலீலா.
கொட்டுவடி கீழே வைக்காமல் பேசினாள்:
"இதைப் போட்டா நாளைக்கு ஒண்ணரைக் கிலோ கொறையும்.
அந்த ஒண்ணரைக் கிலோவை நீ தருவியா பிள்ளே?"
மைக்ரான் கணக்கு எல்லாம் என்னிடம் இருந்தது.
அந்தக் கணக்கு மட்டும் இல்லை.

மறுநாள் போனபோது
என் ஆறாவது மாதிரியின் முதுகை
நீளவாக்கில் கத்தரித்திருந்தாள்.
"வேர்த்து ஊறுது. எண்ணெ படுறது உள்பக்கம்.
நகத்துக்கு எதுக்கு சட்டை?"
மூன்று மாதம் அந்த டெஸ்ட் டியூபையே
சுற்றிச் சுற்றி வந்தவளுக்கு
ஒரு கத்தரிக்கோல் தோன்றவில்லை.

ஏழுக்கு அவள் விரல்களே அச்சு.
பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல்,
மூன்றையும் பிளாஸ்டர் மாவில் அமிழ்த்தினேன்.
இறுகப் பதினைந்து நிமிடம்.
கை சும்மா இருந்து பழக்கமில்லை அவளுக்கு.
மறுகையால் தரையில் கிடந்த தோடுகளைப்
பொறுக்கிக் குவித்துக்கொண்டிருந்தாள்.

அச்சைச் சாய்த்து, உள்பக்கம் மட்டும் முக்கினேன்.
நகப்பக்கம் திறப்பு. பிடிக்க இரண்டு வளையம்.

திங்கள், ஏழு கிலோ இருநூறு.
செவ்வாய் வளையம் ஒன்று அறுந்து, கணக்கில் இல்லை.
புதன், ஏழு எழுநூறு.
வியாழன் மின்சாரம் இல்லை, தராசும் இல்லை.
வெள்ளி, எட்டு கிலோ நூறு.
சனி, எட்டு நானூறு.
வெறுங்கையில் அவள் சராசரி எட்டேகால்.
ஆக, நூற்றைம்பது கிராம் கூடுதல்.
கணக்குப்பிள்ளை இரண்டாம்முறை நிறுத்துப் பார்த்தார்.

அன்று மாலை உறையை உள்வெளியாகப் புரட்டினேன்.
வெள்ளைத் தூள் படிந்த உள்பக்கத்தில்
வளைந்து ஒரு மெல்லிய கோடு.
ரேகையா, ரப்பரின் மடிப்பா?
டார்ச் அடித்துப் பார்த்தும் தெரியவில்லை.
நோட்டில் ஏற்றவில்லை.

"எப்படி அக்கா இருக்கு?"
"கொள்ளாம்" என்றாள்.
பை எடுத்து, குடை எடுத்து,
வாசல்வரை போய்த் திரும்பி,
"ஆனா சோறு திங்கும்போ வெரலு நாறுது பிள்ளே."

எட்டு: நாற்றம்.
கேனின் மூடியைத் திறந்து முகர்ந்தேன்.