சீவல்

ஜாஸ் எனக்குப் பிடிக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
என் வேலை ஊசியைப் பார்ப்பது.

கில்பர்ன் நிலவறை. ஐம்பத்தொன்று, ஜனவரி.
மீட்டரில் ஷில்லிங் போட்டால்தான் ஹீட்டர்.
ட்ரெட்கோல்ட் கோட்டைக் கழற்றவில்லை,
ஓட்டலில் வால்ட்ஸ் முடித்து நேரே வந்தவர்.
கிட்டன்ஸ் ட்ரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கி
அடைகாத்துக்கொண்டிருந்தார்.
ஊசி துள்ளிவிடும் என்று நான் கெஞ்சியதால்
சிம்பலின் மேல் கைக்குட்டை போட்டார் பாம்ஃப்ரெட்.

ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்.
இரண்டு ஐம்பதில் விரலை உயர்த்துவேன், முடித்துவிடுங்கள் என்றேன்.
சரி என்றார்கள்.

உயர்த்தினேன்.
ட்ரெட்கோல்டின் கண்கள் மூடியிருந்தன.
கையையே உயர்த்தினேன்.
ஊசி நடுவட்டம் தொட்டு நின்றது.
அவர்கள் நிற்கவில்லை.
இன்னும் ஏழு நிமிடம்
கையை இறக்க மறந்து
நின்றேன்.

மறுபடி வாசித்தார்கள், விரலைப் பார்த்துக்கொண்டே.
அதுதான் கடைக்குப் போனது. இருநூறு விற்றிருக்கும்.
லேபிளில் கிட்டன்ஸ் பெயரில் ஓர் எழுத்து குறைவு.
முதல் தட்டு குப்பைக்கு:
வாலில்லாத பாட்டை யார் வாங்குவார்?

ஊசி சீவித் தள்ளும் இழை
கறுப்புத் தையல்நூல் மாதிரி இருக்கும்,
சட்டென்று பற்றும். உள்ளே வைக்கக்கூடாது என்பது விதி.
முதல் தட்டின் சீவலை மட்டும்
பிஸ்கட் டப்பாவில் ஒரு வாரம் வைத்திருந்தேன்.
எதற்கு என்றாள் மேவிஸ்.
தெரியவில்லை என்றேன்.

பிறகு பின்முற்றத்தில், பனிமூட்டத்தில், கொளுத்தினேன்.
உஸ்ஸென்று ஒரே மூச்சில் போனது.
மூன்று நிமிடமெல்லாம் ஆகவில்லை.